தண்ணீருக்குப் படி ஏறத் தெரியாது

“சரிவு போட்டா தண்ணி உள்ள வந்துடும்மா, நான் சொல்றதக் கொஞ்சம்—”

“தண்ணி வர்றப்ப வரட்டும் சார், என் பொண்ணு இப்ப வந்து—”

“—கேளுங்க. தண்ணிக்குப் படி ஏறத் தெரியாது. சரிவுன்னா அது பாட்டுக்கு—”

“—நிக்கறா. அவ உள்ள வரணுமா, வேண்டாமா?”

“வரணும்னுதானே தூக்கறதுக்கு ரெண்டு ஆள நிக்க வெச்சிருக்கேன்.”

“தூக்க வேண்டாம்னுதானே அவ சொல்றா.”

படிக்கட்டின் உச்சியில் நின்று பேசியவர் பள்ளித் தாளாளர் பக்தவச்சலம். அடியில் நின்று பேசியவள் ஷரீஃபா. இரண்டு பேருக்கும் நடுவில் மார்பளவு உயரத்துக்குப் படிகள். ஷரீஃபாவின் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் மகள் இரம், பிளஸ் டூ மாணவி, மடியில் பயாலஜி ரெக்கார்டு நோட்டை வைத்துக்கொண்டு கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். நாற்காலியின் இருபுறமும் பி.டி. வாத்தியார் ஆல்வினும் வாட்ச்மேன் பொன்னுரங்கமும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாமி எப்போது புறப்படும் என்று தெரியாத பல்லக்குத் தூக்கிகள் மாதிரி நின்றார்கள்.

ஊரப்பாக்கத்தில் பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு உயரப் படி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஏரி உடைந்து வித்யா ஒளி மெட்ரிக் பள்ளியின் கரும்பலகை வரைக்கும் தண்ணீர் நின்றது. ஆறாம் வகுப்பில் இருந்த குளோபு மிதந்து போய் மறைமலை நகர் பக்கம் யார் வீட்டு மாடியிலோ ஒதுங்கியதாக ஒரு பேச்சு உண்டு. தண்ணீர் வடிந்ததும் பக்தவச்சலம் ஹரியானாவிலிருந்து ஆட்களை வரவழைத்து, கட்டடத்துக்கு அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, பள்ளிக்கூடத்தை முழுசாகத் தூக்கிவிட்டார். மேல்மாடி இல்லாத கட்டடம்தான் என்றாலும் அது ஒரு சாதனை. பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு, அவர் நாற்காலிக்குப் பின்னால், சரஸ்வதிக்கும் அவர் அப்பாவுக்கும் நடுவே மாட்டியிருந்தார்.

அதன்பிறகு எத்தனை மழை வந்தும் பள்ளிக்குள் தண்ணீர் வரவில்லை. காரணம் உயரம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். காரணம் படிக்கட்டு என்று பக்தவச்சலம் நினைத்தார்.

அதற்கு அவரிடம் சாட்சியம் இருந்தது. வெள்ளத்தன்று அவர் மொட்டை மாடியில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறார். எதிர்வீட்டில் கார் ஏற்றுவதற்குச் சரிவு போட்டிருந்தார்கள். தண்ணீர் தெருவில் நேராக வந்து, திரும்பி, அந்தச் சரிவில் கார் மாதிரியே ஏறிப் போய், போர்ட்டிகோவில் நின்றது. பக்கத்து வீட்டுக்குப் படிகள். அங்கே அது ரொம்ப நேரம் யோசித்தது. பக்கத்து வீடு எதிர்வீட்டைவிட ரெண்டடி உசரம் என்று யாராவது சொன்னால், உசரம் வேறு, புத்தி வேறு என்பார். வெள்ளத்தில் அடிபட்ட ஊர் அது. தண்ணீரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பாதி நம்பும். அதனால் அவரிடம் யாரும் ரொம்ப வாதாடவில்லை.

இரமும் ஆறாம் வகுப்பிலிருந்து வாதாடாமல்தான் வந்துகொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆல்வின் சார் ஒருவரே நாற்காலியோடு அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு அவள் வளர்ந்தாள், அவருக்கு முதுகுவலி வந்தது, பொன்னுரங்கம் சேர்ந்துகொண்டார். தூக்கும்போது இரண்டு பேரும் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பாப்பா இந்த வருசம் வெயிட்டு ஏறிகினு கீது சார், என்பார் பொன்னுரங்கம். லீவுல பிரியாணி ஜாஸ்தி ஆயிருக்கும், என்பார் ஆல்வின். இரம் இரண்டு பேர் மூச்சுக்கும் நடுவே உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று பாதிப் படியில் பிரேயர் மணி அடித்துவிட்டது. பிரேயர் மணி அடித்தால் அவரவர் இருந்த இடத்தில் அசையாமல் நிற்கவேண்டும் என்பது பக்தவச்சலத்தின் சட்டம். வாயில் இட்லி இருந்தால் மெல்லக்கூடக் கூடாது. ஆல்வினும் பொன்னுரங்கமும் நாற்காலியைப் படியில் சாய்த்து, பின்சக்கரம் ஒரு படியிலும் முன்சக்கரம் ஆகாயத்திலுமாக நிறுத்தி, தொடையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அட்டென்ஷனில் நின்றார்கள். அன்றைக்குப் பள்ளி திறப்பு நாள் என்பதால் பிரேயருக்குப் பிறகு உறுதிமொழி. உறுதிமொழிக்குப் பிறகு தாளாளர் உரை. சாய்ந்த நாற்காலியில் இரம் மல்லாக்கப் படுத்தபடி உரை முழுவதையும் கேட்டாள். இந்தப் பள்ளி உங்களை உயரத்துக்குக் கொண்டு போகும் என்று உரை முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டாள்.

“இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாதும்மா. நான் என்ன பீரோவா?”

மறுநாளிலிருந்து அவள் படிக்குக் கீழே, வாதாமரத்தடியில் உட்கார ஆரம்பித்தாள். டீச்சர்கள் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் உரக்கப் பாடம் நடத்தினார்கள். தோழிகள் நோட்டை எறிந்தார்கள். கெமிஸ்ட்ரி லேபில் எது வெடித்தாலும் அவளுக்குச் சத்தம் கேட்டது, கலர் தெரியவில்லை. சிக்கல் வருகைப் பதிவில் வந்தது. கேட்டுக்குள் வந்துவிட்டாள், ஆனால் கட்டடத்துக்குள் வரவில்லை, இவளுக்கு என்ன போடுவது என்று வகுப்பு டீச்சர் கேட்டார். படிக்கு மேலே இருந்தால் பிரசன்ட், கீழே இருந்தால் ஆப்சென்ட் என்று தாளாளர் தீர்ப்புச் சொன்னார். வருகை குறைந்தால் பப்ளிக் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது. அதாவது, தூக்கவிட்டால் பரீட்சை. இல்லாவிட்டால் வாதாமரம்.

ஷரீஃபா வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பவள். அளவு தப்பினால் தூக்கம் வராது அவளுக்கு. அன்று படிக்கட்டுச் சண்டை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கணவன் கரீமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கரீம் மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. அவனும் அந்த வெள்ளத்தில் ஃபிரிட்ஜைப் பறிகொடுத்தவன். நிதானமாகக் கேட்டுவிட்டு, அவர் சொல்றதுலயும் ஒரு பாயின்ட் இருக்கு ஷரீஃபா, என்றான். நம்ம வீட்டுக்கும் ஸ்கூட்டர் ஏத்தற சரிவு வழியாத்தானே வந்துச்சு.

அவன் தட்டில் தோசை மட்டும் வந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, சட்னி இல்லையா என்று கேட்டான்.

“இருக்கு. சட்னிக்குப் படி ஏறத் தெரியாதாம்.”

இனிமேல் கணவனை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு ஷரீஃபா அதே தெருவில் இருக்கும் காந்திமதியிடம் போனாள். காந்திமதி டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் முதல்வர் வரைக்கும் மனு போடுகிற கை அது. அவர் உடனே செங்கல்பட்டு போய்க் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தார். மனு மேலே போய், பக்கவாட்டில் போய், கடைசியில் தகுந்த நடவடிக்கைக்காகப் பக்தவச்சலத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் அதற்கு ஃபைல் போட்டு வைத்தார். பிறகு காந்திமதி சட்டத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் கட்டாயம், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் இருக்கணும் என்று படித்துக் காட்டினார். சட்டம் தில்லியில போட்டது, தில்லிக்கு நம்ம ஏரியத் தெரியுமா, என்று கேட்டார் பக்தவச்சலம். அவ்வளவு நீளமா சரிவு போட்டா அது தண்ணிக்கு நடைபாவாடை விரிக்கற மாதிரி என்றார்.

விஷயம் சட்டத்தில் இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது என்று இரமுக்குத் தோன்றியது. சயின்ஸ் படிக்கிற பெண். தண்ணீர் எங்கேயும் ஒரே மட்டமாகத்தான் ஏறும் என்று காட்டிவிட்டால் முடிந்தது. ஒரு சனிக்கிழமை வாதாமரத்தடியில் ஏற்பாடு நடந்தது. ஷரீஃபா வீட்டிலிருந்து துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப் வந்தது. உள்ளே ஒரு பக்கம் சோப்பு டப்பாக்களை அடுக்கிப் படிக்கட்டு. இன்னொரு பக்கம் தேங்காய் துருவும் பலகையைச் சாய்த்துச் சரிவு. இரண்டின் உச்சியிலும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு அழிரப்பர், பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக. தாளாளருக்கு நாற்காலி போட்டார்கள். பொன்னுரங்கம் இருபது லிட்டர் கேனைச் சாய்த்து மெதுவாக ஊற்றினார்.

தண்ணீர் ஏறியது. படியிலும் ஏறியது, சரிவிலும் ஏறியது. இரண்டு அழிரப்பரும் ஒரே சமயத்தில் நனைந்தன. ஜன்னல்களில் அப்பியிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பக்தவச்சலம் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். விரலை விட்டுத் தொட்டும் பார்த்தார்.

“இது கேன் தண்ணிம்மா. கேன் தண்ணி சாது. ஏரித் தண்ணிக்குப் புத்தியே வேற.”

“ஆமா சார்,” என்றார் பொன்னுரங்கம். “ஏரித் தண்ணி அன்னிக்கு நம்ம சைக்கிள எத்துகினு பூட்ச்சு. கேன் தண்ணி இத்தினி வருசத்துல ஒரு ஸ்பூனு கூட எத்துகினு போனதில்ல.”

ஆல்வினும் யோசனையோடு தலையாட்டினார். ஷரீஃபா டப்பைக் கவிழ்த்துத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், வாடி போகலாம் என்றாள். இரம் நனைந்த ரப்பரை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் முழுக்க ஆப்சென்ட். இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் ஹால் டிக்கெட் கிடையாது என்று டீச்சர் ரகசியமாக வந்து சொன்னார். அன்றைக்கு ஷரீஃபாவே கொஞ்சம் தளர்ந்துபோய், ஒரு வருஷம்தானேடி, கண்ண மூடிக்கிட்டுத் தூக்க விட்டுடேன், என்று கேட்டுப் பார்த்தாள். இரம் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

இனி ஊரைக் கூட்டுவதுதான் வழி என்றார் காந்திமதி. ஊரைக் கூட்ட ஃப்ளெக்ஸ் வேண்டும். இரண்டு பெண்களுமாக ஸ்டேஷன் ரோட்டில் துரைராஜின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்கள். எழுதவேண்டியதை ஷரீஃபா தெளிவாக எழுதிக் கொடுத்தாள். தாளாளர் பக்தவச்சலம் அவர்களே, எங்கள் பிள்ளை பள்ளிக்குள் வரச் சாய்தளம் கட்டித் தாருங்கள், காலம் கடத்தாதீர்கள். அவ்வளவுதான். அவர் பேர் பெரிசா இருக்கட்டும், ஊர் முழுக்கத் தெரியணும் என்று காந்திமதி சேர்த்துச் சொன்னார். துரைராஜ் தலையை ஆட்டிவிட்டு, நீங்க போங்கக்கா, காலையில கட்டிடறோம் என்றான்.

துரைராஜ் பிறந்ததிலிருந்து ஃப்ளெக்ஸில் மூன்று வகைதான் அடித்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, தலைவர். வெறும் எழுத்தை மட்டும் போட்டால் ஃப்ளெக்ஸ் அழுதுவிடும் என்பது அவன் தொழில் நம்பிக்கை. பக்தவச்சலத்தின் மணிவிழாவுக்கு அடித்த படம் கம்ப்யூட்டரில் இருந்தது. பட்டு அங்கவஸ்திரம், கூப்பிய கை, முப்பத்திரண்டு பல். அதைத் தூக்கி நடுவில் போட்டான். தலைக்குப் பின்னால் சூரியக் கதிர், அதற்குப் பின்னால் ஒரு அருவி. ஒரு ஓரத்தில் புறாக்கள். பேருக்கு மேலே கல்விக் காவலர் என்று தானாக வந்தது, எடுக்க மனசு வரவில்லை. சாய்தளம் என்ற வார்த்தையைத் தங்கக் கலரில், ஆள் நீளத்துக்குப் போட்டான். கேட்டுக்கொள்பவர்கள் என்று கீழே ஷரீஃபா, காந்திமதி படங்களையும் வட்டத்துக்குள் வைத்து, இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெள்ளையடித்திருந்தான். ஷரீஃபா கொடுத்த வாக்கியம் ஒரு எழுத்துப் பிசகாமல் முழுசாக இருந்தது.

ஆனால் ஃப்ளெக்ஸில் எழுத்தை யார் படிக்கிறார்கள். கூப்பின கையும் அருவியும் இருந்தால் அது பாராட்டு, அவ்வளவுதான். காலையில் பால் வாங்கப் போனவர்கள் பார்த்தார்கள். சாய்தளம் என்ற வார்த்தையையும் பக்தவச்சலத்தின் பல்லையும் பார்த்து, ஓகோ, மனுஷர் கட்டிக் கொடுத்துட்டார் போல, என்று முடிவுகட்டிக்கொண்டு போனார்கள்.

பக்தவச்சலமும் காரில் போகும்போது பார்த்தார். மூக்குக் கண்ணாடி பையில் இருந்தது. தன் முகத்தைப் பார்க்க யாருக்குக் கண்ணாடி வேண்டும். வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று ரசித்தார். பொன்னுரங்கத்தைப் போனில் கூப்பிட்டு, இதே மாதிரி இன்னும் ரெண்டு அடிக்கச் சொல்லு, ஒண்ணு ஜி.எஸ்.டி. ரோட்ல, ஒண்ணு ஸ்கூல் வாசல்ல, என்றார். ஆக, அவரைக் கண்டித்து வைத்த ஃப்ளெக்ஸை அவர் செலவிலேயே இன்னும் இரண்டு இடத்தில் கட்டினார்கள். ஷரீஃபா ஸ்கூல் வாசலில் தன் வெள்ளை முகத்தைப் பார்த்து, இதக் கழட்டச் சொல்லணும் என்றாள். காந்திமதி மட்டும், பேசாம இரு, நல்லாத்தான் போய்கிட்டிருக்கு, என்றார்.

போன் வர ஆரம்பித்தது. படப்பையிலிருந்து அவர் மைத்துனர், மாமா நீங்க தெய்வம், என்றார். ஊனமுற்ற மகனை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியிலும் சேர்க்க முடியாமல் இருந்த ஒருவர் தாம்பரத்திலிருந்து தேடிக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். எதற்கு அழுகிறார் என்று பக்தவச்சலத்துக்குச் சரியாகப் பிடிபடவில்லை, ஆனாலும் அவர் கண்ணும் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை நகர் நலச் சங்கத்தார் கூட்டம் போட்டு, சாய்தளம் தந்த செம்மல் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் பொன்னாடையில் குத்தியிருந்த சீட்டைப் படிக்கக் கண்ணாடியைப் போட்டார். மேடையின் எதிரே ஃப்ளெக்ஸ் இருந்தது. கண்ணாடி போட்ட கண்ணால் அதை முதல் தடவையாகப் படித்தார்.

போர்த்திய பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

மறுநாள் ஷரீஃபாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் காந்திமதியோடு போனாள். சரிவு கட்டறேன்மா, என்றார், யாரோ இறந்துபோனதைச் சொல்கிற குரலில். கட்டற வரைக்கும் மரத்தடியிலேயே பிரசன்ட் போடச் சொல்லிட்டேன். ஷரீஃபா நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தினார். தண்ணி வந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல. பின்னாடி யாரும் என்னைக் கேட்கக் கூடாது. கேட்கமாட்டோம் என்றார் காந்திமதி.

ஜீவானந்தம் மேஸ்திரி வந்தார். மேஸ்திரி நல்ல வேலைக்காரர், யார் எதைக் கட்டச் சொன்னாலும் கட்டுவார், ஏன் என்று கேட்கமாட்டார். ஷரீஃபா தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தினமும் போய் அளந்தாள். ஓரடிக்குப் பன்னிரண்டடி, பிசகவில்லை. சுவரை ஒட்டி நீளமாகப் போய், ஒரு திருப்பம் திரும்பி, வாசல் வரை ஏறியது சரிவு. நாற்காலி போக அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. வாதாமரத்தடியிலிருந்து இரம் அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிமென்ட் இறுகுவதற்காக ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள். திறப்பு விழா வரைக்கும் யாரும் கால் வைக்கக் கூடாது என்று பக்தவச்சலம் சாக்குக்கு மேலே பந்தல் துணியையும் போட்டு மறைத்தார். புது மாப்பிள்ளை மாதிரி முகம் தெரியாமல் கிடந்தது அது.

திறப்பு விழா அன்று நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். கேசரி, வடை, ஃபில்டர் காப்பி எல்லாம் உள்ளே ஹாலில் தயாராக இருந்தது, வாசனை வெளியே வந்தது. கரீம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டு, மகளின் நாற்காலிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். முதலில் யார் ஏறுவது என்று சின்னப் பிரச்சினை வந்தது. நலச் சங்கத் தலைவர் ஏறவேண்டும் என்றார்கள் சிலர். தாளாளர் ஏறி, பிறகு மாணவி ஏறட்டும் என்றார்கள் சிலர். ஷரீஃபா சரிவின் குறுக்கே போய் நின்றுகொண்டு, என் பொண்ணு ஏறட்டும், அப்புறம் யார் வேணா ஏறிக்குங்க, என்றாள். குரலை உயர்த்தவில்லை. கழுத்தில் தையல் டேப் தொங்கியது. யாரும் மறுக்கவில்லை.

ரிப்பன் வெட்டியாயிற்று. பந்தல் துணியை இழுத்தார்கள், திருப்பம் வரைக்கும் வந்தது. அதற்கு மேலே இருந்ததை மேலிருந்து பொன்னுரங்கம் சுருட்டிக்கொண்டார்.

இரம் சக்கரத்தில் கையை வைத்தாள்.

ஆல்வின் சார் பழக்க தோஷத்தில் பின்னால் கையைக் கொண்டுபோனார், அவள் திரும்பிப் பார்த்ததும் எடுத்துவிட்டார். அவள் தள்ளினாள். நாற்காலி ஏறியது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, தோள் கொஞ்சம் இறுகியது, மூச்சு கொஞ்சம் வாங்கியது. ஜன்னல் உயரம் வந்தது, ஜன்னலுக்குள் பெஞ்சுகள் வந்தன. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் வானத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஷரீஃபா கீழே நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நாதஸ்வரக்காரர் எந்தச் சந்தர்ப்பத்துக்கு வாசிக்கிறோம் என்று தெரியாமல் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டார். இரமுக்குப் பின்னால் பொன்னாடையோடு பக்தவச்சலம், அவருக்குப் பின்னால் நலச் சங்கத் தலைவர், காந்திமதி, ஆல்வின், பிறகு சங்கத்து உறுப்பினர்கள் குடும்பத்தோடு, ஒருவர் பின் ஒருவராகக் கம்பிகளுக்கு நடுவே ஏறினார்கள்.

திருப்பம் திரும்பி, ஏறி, உச்சிக்கு வந்தாள் இரம். நின்றாள்.

சரிவு முடிகிற இடத்தில், வாசலுக்குக் குறுக்கே, முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் இருந்தது. புதுசாகப் பூசி, மஞ்சளும் கறுப்புமாக வர்ணம் அடித்து, மேலே சின்னதாகக் கோலம் போட்டு, இரண்டு பக்கமும் பூ வைத்திருந்தார்கள்.

கெட்டிமேளம் நின்றது. பக்தவச்சலம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, அதை எல்லாருக்கும் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நேத்து சாயங்காலம்தான் மேஸ்திரிகிட்ட சொல்லிக் கட்டினேன், என்றார். சரிவும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு. தண்ணி இவ்வளவு தூரம் ஏறி வந்தாலும் இங்க வந்து முட்டிக்கிட்டுத் திரும்பிடும்.

ஜீவானந்தம் மேஸ்திரி கீழேயிருந்து, ரெண்டு நாள் ஆவட்டும் சார், இன்னும் செட் ஆவல, யாரும் சாயாதீங்க, என்றார்.

ஷரீஃபா கையில் டேப்பைப் பிடித்தபடி நின்றாள். அளக்க ஒன்றும் இல்லை. கரீம் அன்றைக்கு முதல் முறையாக வாயைத் திறந்து, யார்யா இவன், என்றான், மெதுவாக. காந்திமதி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், ஆனால் நலச் சங்கத் தலைவரின் முதுகு வழியை மறைத்ததால் முதுகிடம்தான் சொல்ல முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னுரங்கம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து ஆல்வினும் நெருக்கியடித்துக்கொண்டு முன்னால் வந்தார். ஒரே ஒரு தூக்குதான் பாப்பா, இம்மாத்தூண்டு, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள, என்றார் பொன்னுரங்கம். ஆமாம்மா, இவ்வளவு ஏறிட்டே, இது ஒரு தூக்கா, என்றார் பக்தவச்சலம். உள்ளே கேசரி ஆறுகிறது என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

பொன்னுரங்கம் குனிந்து நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தார். இரம் அவர் கையை ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். பிறகு இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

கம்பிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு பூனை போகலாம், தாளாளர் போக முடியாது. அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் திருப்பம் வரைக்கும் ஆட்கள், பட்டுப் புடவைகள், கையில் குழந்தைகள். பின்னால் நகர இடமில்லை, முன்னால் போக வழியில்லை. பொன்னாடை வேர்வையில் கழுத்தில் ஒட்டியது. இப்ப என்னம்மா பண்றது, எல்லாரும் நிக்கறாங்க, நீ இப்படி நடுவுல உட்கார்ந்தா எப்படி, என்று குனிந்து, யாருக்கும் கேட்காமல் அவளிடம் கேட்டார்.

இரம் பையிலிருந்து பயாலஜி ரெக்கார்டு நோட்டை எடுத்து மடியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

“பரவாயில்ல சார், நான் இங்கயே இருக்கேன். தண்ணி வந்தா சொல்றேன்.”